களைக்கும் முன்னே நிறுத்து

என் வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் என் நடையைத்தான் கவனிப்பார்கள். வலது பாதம் கொஞ்சம் பின்தங்கியே வரும். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னா ஆச்சு டீச்சர்?" என்று கேட்பார்கள். ஆளுக்கொரு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். இதே நோய் வந்து யாராவது எங்காவது படுத்திருந்தால், அவர்கள் வீட்டார் படித்துக் காட்டட்டும். பயப்பட ஒன்றுமில்லை. எழுதுகிறவள் தன் காலால் நடந்து வந்துதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்குப் போவதற்கு முன்னால், ஒரு ரைஸ் மில்லின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் யோகா வகுப்பு எடுத்தேன். உடம்பு நான் சொன்னபடி கேட்ட காலம் அது. இரண்டு உள்ளங்கைகளை மட்டும் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகைபோலக் கிடையாக நிறுத்துவதற்கு மயூராசனம் என்று பெயர். சுதந்திர தின விழாவில் மேசைமீது ஏறி அதைச் செய்துகாட்டுவேன். கீழே கைதட்டல் ஓயும்வரை இறங்க மாட்டேன். என் கணவர் தணிகாசலம் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் எடைமேடைப் பிரிவில் வேலை பார்த்தார். கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்களையும் மாட்டுவண்டிகளையும் எடை போட்டு அனுப்பும் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைத் தவிர வேறு எதையும் நான் பெரிதாக நினைத்ததில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கம் சூடு பிடித்திருந்த வருடங்கள் அவை. திடீரென்று மறியல் என்பார்கள். சாலையோரத்துப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்து கிடக்கும், பஸ் நின்றுவிடும், பள்ளிக்கு விடுமுறை. அதன் நியாயம் பற்றி எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு பேச்சு உண்டு. அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன், சோறு ஆறிப்போகும்.

அப்படி ஒரு சமயத்தில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அதை மறந்தும்விட்டேன். கொஞ்ச நாள் கழித்து இரண்டு உள்ளங்காலிலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. செருப்பு சரியில்லை என்று நினைத்து வேறு செருப்பு வாங்கினேன். மறுநாள் வகுப்பில் ஒற்றைக் காலில் நின்று கைகூப்பிக் காட்டும்போது கால் மடங்கி விழுந்தேன். டீச்சர் வேடிக்கை காட்டுகிறார் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி எழுந்தேன். ஆனால் எழுவதற்குத் தரையைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் குளியலறையில் குந்தியவளால் எழவே முடியவில்லை. என் கணவர் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பகல் ஆவதற்குள் சீப்பு பிடிக்க விரல் சேரவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர் தெற்கத்தி ஊர்க்காரரான ஓர் இளம் டாக்டர். ரப்பர் சுத்தியலால் என் முட்டிக்குக் கீழே தட்டினார். அப்படித் தட்டினால் கால் தானாக ஒரு உதறு உதற வேண்டும். என் கால் தொங்கியபடியே கிடந்தது. கணுக்காலில் தட்டினார், முழங்கையில் தட்டினார். எங்கும் பதில் இல்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இது எலும்புலயோ மூட்டுலயோ உள்ள கோளாறு இல்ல. நரம்புல. கீழ இருந்து மேல ஏறுது" என்றார் என் கணவரிடம். "நெஞ்சுக்கு வாரதுக்குள்ள, செயற்கையா மூச்சு கொடுக்குற கருவி இருக்கிற இடத்துக்குப் போயிரணும். இன்னைக்கே பாண்டிச்சேரிக்குப் போங்க."

"ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டுக்கிறாங்களே சார்."

"நான் சீட்டு எழுதித் தாரேன். நீங்க ரோட்டைப் பாருங்க."

என் கணவர் பார்த்தார். ஆலைக்குக் கரும்பு எந்தெந்தத் தடத்தில் வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு பழைய அம்பாசடர் காரின் பின்சீட்டில் என்னைப் படுக்கவைத்து, மெயின் ரோட்டைத் தொடாமல், வயலுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் களமருதூரில் அவருடைய அக்கா பூங்காவனம் வீடு. நெல் விவசாயம், எந்நேரமும் கால் சேறாக இருக்கிற வீடு. எனக்கு நாத்தனார், அண்ணி என்று கூப்பிடுவேன். கார் நின்றதும் உள்ளே எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் போய் மாற்றுப் புடவையை ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு வந்து, என் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தடம் ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே பெரிய புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா வண்டி அது? திருப்பு, திருப்பு" என்று ஒருவர் கையை ஆட்டினார்.

அண்ணி கதவைத் திறந்து இறங்கினார். "முருகேசன்தானே நீ? என் தம்பி பொண்டாட்டிடா. கை கால் வராம படுத்துக்கினு கீறா. மூச்சு நிக்கறதுக்குள்ள பாண்டிக்குப் போவணும்னு டாக்டர் சொல்லிக்கிறார். வந்து பாரு."

முருகேசன் வந்து கார் ஜன்னலில் குனிந்தார். அப்போது என் ஒரு கண் இமை சரியாக மூடவில்லை. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது. பேசினால் குழறியது. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மரத்த இப்ப நகத்த முடியாதுக்கா. ஆளத் தூக்கி அந்தாண்ட வுட்டுடலாம்."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. மரத்தில் உட்கார்ந்திருந்தவர்களே ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கிளைகளுக்கு நடுவே என்னைத் தூக்கிக் கடத்தினார்கள். ஒருவர் மட்டும், கட்டில் சாயாமல் இருக்க என் தலைமாட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய வியர்வை வாசனை எனக்கு இன்னமும் தெரியும். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பினார்கள். முருகேசனே மட்கார்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்தடுத்த மறியல்களில் எழுந்து நின்று, "ஆஸ்பத்திரி கேசு, வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். விழுப்புரம் பக்கத்தில் வேறு கார் கிடைத்தது. டிராக்டருக்கு டீசல் காசு கொடுக்கப் போன என் கணவரின் கையை முருகேசன் மடக்கிவிட்டார். "நல்லபடியா இட்டுக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு மறியலுக்குத் திரும்பிப் போனார்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். கேட்க பயங்கரமாக இருக்கும், அவ்வளவு இல்லை. பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, இடுப்புக்கு மேலே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மெல்லிய ஊசியை விடுகிறார்கள். அதில் சொட்டுகிற நீரைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் புரதம் கூடியிருந்தது, ஆனால் கிருமி வந்ததற்கான அணுக்கள் இல்லை. அதை வைத்துத்தான் கில்லன்-பாரி என்ற நரம்பு நோய் என்று உறுதி செய்தார்கள். நோய்க்கிருமியோடு சண்டை போடுகிற நம் உடம்பின் சக்தி, சண்டை முடிந்த பிறகும் அடங்காமல், தன் நரம்புகளின் மேலுறையையே அரித்துவிடுகிறது. மின்சாரக் கம்பியின் ரப்பர் உரிந்துபோனால் எப்படியோ அப்படி என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். மூளை கட்டளை அனுப்பும், ஆனால் கை காலுக்குப் போய்ச் சேராது.

"திரும்பி வருமா சார்?" என்று என் கணவர் கேட்டார்.

"பெரும்பாலும் வரும். ஏறுன மாதிரியே இறங்கும். ஆனா ஏறி முடிக்கிறவரைக்கும் நாம கூட இருந்து பாத்துக்கணும்."

ஏறி முடிக்கிறவரை என்பதுதான் ஆஸ்பத்திரி நாட்களிலேயே கடினமான பகுதி. ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்வார்கள். மூச்சுத் தசை தளரத் தளர எண்ணிக்கை குறையும். நான் பிராணாயாமம் சொல்லிக்கொடுக்கிறவள், மூச்சைச் சிக்கனமாக விடத் தெரிந்தவள். தசை போன பிறகும் எண்ணிக்கையை இழுத்துப் பிடித்தேன். பெரிய டாக்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "டீச்சர், உங்க பழக்கம் எங்கள ஏமாத்துது" என்று சொல்லி, ஊதினால் முள் நகரும் ஒரு கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அதனிடம் என் சாமர்த்தியம் எடுபடவில்லை. முள் நாளுக்கு நாள் கீழே வந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சுக் கொடுக்கிற இயந்திரத்தை என் கட்டில் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவைத்தார்கள். அதைப் பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

யோகாதான் என்னைக் காப்பாற்றியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது உண்மையில்லை. ஒரு நாள் முள் அதற்குக் கீழே இறங்காமல் நின்றது. மறுநாளும் நின்றது. அவ்வளவுதான். நோய் அதன் போக்கில் ஏறி, அதன் போக்கில் நின்றது. என்னால் செய்ய முடிந்தது, அடுத்த மூச்சைத் தவிர வேறெதையும் நினைக்காமல் இருந்ததுதான். அதற்குப் பழக்கம் உதவியது, மறுக்கவில்லை.

அண்ணி அந்த நாட்களில் என் பக்கத்தைவிட்டு அசையவில்லை. கண் மூடாததால் உலர்ந்துபோகும் என்று ஈரத் துணியால் ஒற்றி எடுப்பார். என் முடி நீளம். சிக்கு விழுந்து, நர்ஸ் கத்தரித்துவிடலாம் என்று சொன்னபோது, "இரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று எண்ணெய் தடவி, ஒரு மதியம் முழுக்க இழை இழையாகப் பிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் வலி. நரம்பு வலி என்பது பல்வலியை முதுகு முழுக்கப் பரப்பியதுபோல. அவர் அதை எப்படியோ தெரிந்துகொண்டு, தலையணையை ஒரு விரல்கடை நகர்த்துவார். உயிர் திரும்பி வரும்.

அந்தத் தலையணை வித்தையை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தவர் பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லா. பாண்டிச்சேரிக்காரர், என் வயதுதான் இருக்கும். முதல் நாள் வந்ததும் என் சுண்டுவிரலைப் பிடித்தார்.

"நீங்க எதுவும் செய்யாதீங்க. அசைக்கிறது என் வேலை. எங்க போவுது, எங்க நிக்குதுன்னு கவனிக்கிறது உங்க வேலை."

ஒவ்வொரு விரலாக, மணிக்கட்டு, முழங்கை, தோள், பிறகு கால் என்று மூட்டுகள் இறுகிப்போகாமல் மடக்கி நீட்டினார். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை, கைக்கு அடியில் தலையணை, முதுகுக்கு ஒரு முட்டு என்று வைத்து, எந்தத் தசையும் எதையும் தாங்க வேண்டாத நிலையில் என்னைக் கிடத்தினார். சவாசனத்தை எத்தனையோ வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தரை நம்மைத் தாங்குகிறது என்று வாயால் சொல்வேனே தவிர, உண்மையிலேயே எதுவோ என்னைத் தாங்குவதை அன்றுதான் உணர்ந்தேன். பாதம் முன்பக்கம் தொங்கிப்போகாமல் இருக்க, கட்டில் முனையில் ஒரு பலகை வேண்டும் என்று ஸ்டெல்லா சொன்னார். என் கணவர் வெளியே ஒரு தச்சுப்பட்டறைக்குப் போய், பக்கத்திலேயே நின்று இழைக்கச் செய்து, பாதம் படும் இடத்தில் தன் பழைய வேட்டியைச் சுற்றி ஆணியடித்துக் கொண்டுவந்தார். மாட்டிவிட்டு, என் கால் அதில் படிந்ததைப் பார்த்து, எடைமேடையில் முள் நின்றதைப் பார்ப்பதுபோலத் தலையாட்டினார்.

நோய் இறங்கத் தொடங்கியது. முதலில் முகம், பிறகு கழுத்து, பிறகு கை. விரல் அசைந்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. ஸ்டெல்லா போன பிறகு அவர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு செய்தேன். உடற்கல்வி ஆசிரியை அல்லவா, முயற்சி செய்தால் எதுவும் வரும் என்பதுதானே என் படிப்பு. மறுநாள் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. "புதுசா உறை வளர்ற நரம்பு இது. பிடிச்சு இழுத்தா பின்னால போயிடும். களைப்பு வந்த பிறகு நிறுத்தினா அது லேட்டு. களைக்கும் முன்னே நிறுத்தணும். இன்னும் கொஞ்சம் முடியும்னு தோணுதில்ல, அந்த இடம்தான் அளவு."

இன்னும் கொஞ்சம் முடியும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துவது எனக்கு மயூராசனத்தைவிடக் கடினமாக இருந்தது. ஆனால் அப்படி நிறுத்திய நாட்களில்தான் மறுநாள் உடம்பு முன்னே போனது. அதை நான் சொந்த உடம்பில் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சக்கர நாற்காலியில் உட்காரும் அளவு வந்ததும் உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேதான் சின்னப்பொண்ணைப் பார்த்தேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். புளி உலுக்க மரத்தில் ஏறி, விழுந்து தொடை எலும்பு முறிந்தவள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வெகுநாள் அசையாமல் கிடந்ததில் முழங்கால் மடங்க மறுத்தது.

"நீ இன்னா வேல பண்ற?" என்று கேட்டாள்.

"யோகா சொல்லித்தர்றேன்."

"அப்படின்னா?"

"உடம்ப வளைக்கிறது, நிமித்துறது."

என்னையும் சக்கர நாற்காலியையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா வளைச்ச போ." எனக்கும் சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு முகத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அவளுக்கு நடப்பது பெரிய விஷயமாக இல்லை. "எனக்கு குந்தணும்" என்றாள். "குந்தலன்னா எங்கூர்ல ஒரு வேலயும் ஆவாது. அடுப்பு கீழ. தண்ணி மொள்றது கீழ. ஒதுங்கப் போனாலும் குந்தணும். நின்னுக்கினே இன்னா பண்றது?"

என்னைவிட முன்னதாகவே அவளை அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஊர்ப்பெயரை இரண்டு தடவை சொல்லி, "வா, தேன் தர்றேன்" என்றாள்.

நான் ஊன்றுகோலோடு கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன். பள்ளி தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. களத்தில் வகுப்பை மறுபடி ஆரம்பித்தபோது நாற்காலியும் தலையணையும் கொண்டுபோனேன். பழைய மாணவர்கள் சிலர் முகம் சுளித்து, வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு வளைந்து காட்டுகிற டீச்சர்தான் வேண்டும். அவர்கள் இடத்துக்கு முழங்கால் வலிக்காரர்களும், நாற்று நட்டு இடுப்பு பிடித்துக்கொண்டவர்களும் வந்தார்கள். எனக்கு வருத்தமில்லை. இவர்களுக்குச் சொல்லித்தர என்னிடம் விஷயம் இருந்தது. ஆனாலும் மலையில் ஒருத்தி குந்த முடியாமல் இருக்கிறாளே என்பது உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

கால் ஓரளவு நம்பிக்கை தந்ததும் அண்ணியோடு மலை பஸ் ஏறினேன். இறங்கி நடக்க வேண்டிய தூரம், மற்றவர்களுக்குக் கொஞ்சம்தான். நான் பாறைக்குப் பாறை உட்கார்ந்து போனேன். சின்னப்பொண்ணு வாசலில் நின்றுகொண்டிருந்தாள், விறைத்த காலை முன்னால் நீட்டியபடி. உள்ளே அவள் வீட்டுக்காரர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"பயிற்சி பண்றியா?"

"யாரு புடிச்சி மடக்குவாங்க? இவரு புடிச்சாரு, உயிரு போயிடுச்சி. வுட்டுட்டேன்."

அங்கே பயிற்சிக் கூடமும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. சாமை மூட்டை இருந்தது, அதைத் தொடைக்கு அடியில் வைத்தேன். வெந்நீரில் நனைத்த துணியால் முட்டியைச் சுற்றினேன். சாணம் மெழுகிய தரையில் குதிகாலை அவளே இழுக்கச் சொன்னேன், யாரும் பிடிக்காமல். அவள் பல்லைக் கடிக்கும் முன்பே நிறுத்தினேன். "இன்னும் வரும்" என்றாள். "தெரியும், நாளைக்கு வரட்டும்" என்றேன். அவள் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இழுக்காமல் குதிகாலுக்கு அடியில் கையை மட்டும் கொடுக்கக் கற்றுக்கொடுத்தேன். அவர் என் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அங்கே தங்கியிருந்த சில நாட்களிலேயே கால் வித்தியாசம் காட்டியது.

அதன் பிறகு விடுமுறை கிடைத்தபோதெல்லாம் போனேன். ஒவ்வொரு முறையும் முழங்கால் கொஞ்சம் கூட மடங்கியிருக்கும். எனக்கும் பாறைகளில் உட்காருவது குறைந்துகொண்டே வந்தது.

கோடை விடுமுறையில் போனபோது, "இன்னிக்கு குந்திப் பாக்கலாமா?" என்றாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. நோய்க்குப் பிறகு நானும் குந்தியதில்லை. வீட்டில் முக்காலி, பள்ளியில் நாற்காலி. குளியலறையில் எழ முடியாமல் போன அந்த நாள்தான் கடைசி.

"ரெண்டு பேரும் சேந்து" என்றேன்.

எதிரெதிரே நின்று ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அவள் பின்னால் சாய்ந்தால் என் எடை அவளைத் தாங்கும், நான் சாய்ந்தால் அவள் எடை என்னை. மெதுவாக இறங்கினோம். பாதி வழியில் என் தொடை நடுங்கியது. அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இடுப்பு தரைக்குக் கிட்டே வந்து நின்றது. அவள் குதிகால் லேசாகத் தூக்கியிருந்தது. பரவாயில்லை. குந்தியிருந்தோம், மலைக்காரி ஒருத்தியும் டீச்சர் ஒருத்தியும், கையைப் பிடித்துக்கொண்டு.

வாசலிலிருந்து அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் அங்கியே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

சிரித்தால் விழுந்துவிடுவோம். சிரிக்காமல், ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு எழுந்தோம்.

சின்னப்பொண்ணு என் கையை விட்டாள். நேரே அடுப்படிக்குப் போனாள். வீட்டுக்காரரைப் பார்த்து, "எழுந்திரு" என்றாள். அவர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு விலகினார். தூணைப் பிடித்தபடி அவள் அடுப்பு முன்னால் இறங்கிக் குந்தினாள். விறகைத் தள்ளினாள், ஊதினாள், உலை கொதித்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டிக் களி கிண்டினாள். அவள் வீட்டுக்காரர் வெளியே போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கிண்டி முடித்துச் சட்டியை இறக்கி வைத்தாள். இனி எழ வேண்டும். நான் கிட்டே போய்க் கையை நீட்டினேன்.

அவள் அதைப் பார்க்கவேயில்லை. எழுந்துவிட்டாள்.